நீங்கள் விடுங்கோ, நான் பாக்கிறன்

உலகத்தில் உதவி கேட்பவர்கள் உண்டு. கேட்டால் செய்பவர்கள் உண்டு. கேட்டும் செய்யாதவர்கள் தாராளமாக உண்டு. இவர்கள் ஒருவராலும் ஆபத்தில்லை. நாலாவதாக ஓர் இனம் இருக்கிறது: கேட்காமலே செய்கிறவர்கள். இங்கே பேச்சு அவர்களைப் பற்றியது.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோயில் வாசலில் காரை ஓர் இடுக்குக்குள் உங்கள் பாட்டுக்கு நுழைத்துக்கொண்டிருப்பீர்கள். எங்கிருந்தோ ஒருவர் தோன்றி, காருக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் லண்டன் முழுவதையும் அழைப்பதுபோல "வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்" என்று அழைத்து, 'டொக்' என்று சத்தம் கேட்டதும் "காணும்" என்பார். செத்தவீட்டில் செருப்புகளைச் சோடி சேர்த்து அடுக்குகிறேன் பேர்வழி என்று ஊரையே அடுத்தவர் செருப்பில் வீட்டுக்கு அனுப்பி வைப்பவரும், மரக்கறிக் கடையில் உங்கள் கூடைக்குள் கைவிட்டு நீங்கள் தெரிந்தெடுத்த கத்தரிக்காயை அமத்திப் பார்த்து "இது முத்தல்" என்று வேறொன்றைப் போட்டுவிட்டு நகர்பவரும் அவரேதான். ஆர் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுச் செய்தால் அது வெறும் உதவி. இவர் செய்வது சேவை.

இந்த இனத்துக்கு ஒரு மந்திரம் உண்டு. "நீங்கள் விடுங்கோ, நான் பாக்கிறன்." காதில் விழுந்த கணமே, கையில் இருப்பதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தெற்கு லண்டனில், மோர்டனில் வசிக்கும் சச்சிதானந்தன் இந்த இனத்தின் முதல்தர மாதிரி. ரெயில்வேயில் சிக்னல் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனிதர் தங்கம். சிக்கலே அதுதான். கெட்டவர் என்றால் ஏசிக் கலைக்கலாம். தங்கத்தை என்ன செய்வது? ஓய்வு பெற்ற கிழமையே மனைவி சிவனேஸ்வரியின் குசினிக்குள் புகுந்து, தூள் போத்தல்களை உயர வரிசையில் அடுக்கி, அன்றைய தேத்தண்ணிக்கு உப்புப் போட வைத்தார். கோயில் திருவிழாச் சபையில் பந்தல் கட்டும் பொறுப்பைத் தானாகவே எடுத்தார். அவர் போட்ட முடிச்சுகளைத் திருவிழா முடிந்தபின் ஒருவராலும் அவிழ்க்க முடியாமல், கயிற்றை வெட்டித்தான் பந்தலை இறக்கினார்கள். அடுத்த வருடம் அவரைச் சபையின் ஆலோசகர் ஆக்கினார்கள். ஆலோசகர் என்றால் யாரும் ஆலோசனை கேட்காதவர் என்று பொருள்.

ஆக, மனிதர் முழுநேரமும் வீட்டில். சிவனேஸ்வரி தன் தமையன் மகள் துசியந்திக்குப் போன் எடுத்தார். துசியந்தி, கோல்டர்ஸ் கிறீன் பக்கத்தில் ஒரு யூத முதியோர் இல்லத்தில், அங்கு வசிப்பவர்களுக்குப் பாட்டு, சித்திரம், பண்டிகை என்று பொழுதுபோக்கு ஒழுங்கு செய்யும் வேலையில் இருந்தாள்.

"பிள்ளை, உங்கடை இடத்திலை தொண்டர்மார் தேவையெண்டு சொன்னனியெல்லே? மாமாவைக் கூப்பிடன்."

"மாமாவுக்கு அங்கை சரிவருமோ மாமி?"

"அங்கை சரிவருமோ எண்டு எனக்குத் தெரியாது. இஞ்சை சரிவராது."

அப்படித்தான் ஓர் இளவேனில் காலையில் சச்சிதானந்தன் நொர்தேர்ன் லைன் ரெயிலில் ஒரு முனையில் ஏறி மறு முனைப் பக்கம் போய் இறங்கினார்.

போன புதிதில் அவருக்கு அங்கே எல்லாமே பிடித்துப்போயிற்று. தோட்டம், பியானோ, எந்த நேரமும் ஏதோ ஒரு பண்டிகைக்கான ஆயத்தம். இது நம்ம ஆட்கள்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டினார். இரண்டாவது தடவை போகும்போது, சும்மா கையை வீசிக்கொண்டு போவது முறையல்ல என்று, சுடச்சுட ஒரு பெட்டி, மீன் அடைத்த மாலு பாண் வாங்கிக்கொண்டு போனார். அது பாஸ்கா வாரம். யூதர்களின் அந்தப் பண்டிகை வாரத்தில், புளித்த மாவில் செய்த பாண் என்ற சாமான் ஒரு துகளாகக்கூட அந்தக் கட்டடத்துக்குள் இருக்கக்கூடாது. அதற்காக அலுமாரி இடுக்கெல்லாம் கழுவித் துடைத்து முடித்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெட்டியைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றவரை, உள்ளேயிருந்து எல்லோரும் பார்த்தார்கள்.

"பாஸ்கா கதையில் எகிப்துக்குப் பத்து வாதைகள் வந்தன," என்றார் ஃபிரீடா ஹாலர். "பதினோராவது ரெயிலில் வந்திருக்கிறது."

ஃபிரீடா தொண்ணூறைத் தாண்டியவர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். இப்போது சக்கர நாற்காலியில் இருந்தாலும், பிழைவிட்ட மாணவனைப் பார்க்கிற அந்தப் பார்வை மட்டும் ஓய்வு பெறவில்லை. கோடை முழுவதும் அந்தப் பார்வை சச்சிதானந்தன் மேல்தான் இருந்தது. தோட்டத்தில் வெயில் காயலாம் என்று ஃபிரீடா ஆசையாக வந்து இருப்பார். "வெயில் கூடாது" என்று இவர் நாற்காலியை நிழலுக்குத் தள்ளுவார். ஃபிரீடா தாமாகச் சக்கரத்தை உருட்டி வெயிலுக்கு வருவார். இவர் மறுபடி தள்ளுவார். ஒருநாள் ஃபிரீடா பிரேக்கைப் போட்டுவிட்டு, மடியில் இருந்த பத்திரிகையைச் சுருட்டிக் கையில் எடுத்தார். அத்தோடு அந்தச் சேவை நின்றது.

ஆனால் இலையுதிர் காலம் வந்தது. 'சுக்கா' வருகிறது, 'சுக்கா' வருகிறது என்று இல்லம் முழுக்க ஒரே பேச்சு. ஆட்டிறைச்சிப் பிரட்டல் என்று நினைத்துச் சச்சிதானந்தன் முதலில் சந்தோசப்பட்டார். துசியந்திதான் விளக்கினாள். வனாந்தரத்தில் அலைந்த முன்னோரை நினைத்து யூதர்கள் அந்த நாட்களில் வெளியே ஒரு கொட்டில் போட்டு அதற்குள் சாப்பிடுவார்களாம். கூரைக்கு வெட்டிய கொப்புகள். கொப்புகளுக்கு மேலே வானம்.

"கொட்டிலோ?" என்றார் சச்சிதானந்தன். கண் பளபளத்தது. "நீ விடு பிள்ளை, நான் பாக்கிறன்."

"மாமா, கட்டுறதுக்கு ஆக்கள் இருக்கினம். நீங்கள் கடுதாசிப் பூ ஒட்டினால் காணும்."

அவர் ஒட்டினார். பாவம், நல்லாகவே ஒட்டினார். பண்டிகை தொடங்கும் நாள் மத்தியானம் வரைக்கும் ஒரு பிசகும் நடக்கவில்லை. கொட்டில் எழும்பியது, கொப்புகள் பரவின, பிளாஸ்ரிக் திராட்சைக் குலைகள் தொங்கின. எல்லோரும் மத்தியான உறக்கத்துக்குப் போன நேரம், லண்டன் வானம் தன் வழக்கப்படி தூறியது. சச்சிதானந்தன் அண்ணாந்து பார்த்தார். கொப்புகளுக்கிடையே ஓட்டை, ஓட்டை, ஒரே ஓட்டை. தொண்ணூறு வயதுக்காரர்கள் சாப்பிடப்போகிற இடம்! கொட்டில் கட்டியவனுக்கு அறிவிருக்கிறதா? தோட்டத்து ஸ்ரோரில் ஒரு நீலத் தறப்பாள் கிடந்தது. கயிறும் கிடந்தது. ஏணி சுவரிலேயே சாய்ந்து கிடந்தது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடந்தால் அந்த இனத்துக்காரரால் என்ன செய்யமுடியும், சொல்லுங்கள்? இழுத்து மூடி, மூலைக்கு மூலை முடிச்சுப் போட்டு, கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார். ஒருவரிடமும் சொல்லவில்லை. பார்த்து ஆச்சரியப்படட்டும்.

அத்தோடு நின்றிருக்கலாம். உற்சாகம் விடுமா? உள்ளே போய், இரவு கொட்டிலுக்குப் போகிற இறைச்சியை எடுத்து வைக்கப்போகிற மேசையில், தேத்தண்ணிக்கு வசதியாக இருக்கட்டுமென்று பால் சாடிகளைக் கொண்டுபோய் வரிசையாக வைத்தார். இறைச்சியும் பாலும் ஒரு மேசையில் சேரவே கூடாத சமையலறை அது. அதைக் கண்காணிக்கிற மனிதர் போட்ட சத்தத்தில் மேல்மாடியில் உறங்கியவர்கள்கூட எழும்பிவிட்டார்கள். மேசைவிரிப்பு முழுவதும் மாற்றவேண்டி வந்தது. அந்த அமளியில் கொட்டிலை அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

துசியந்தி அவரை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் சத்தம் போடவில்லை. கண்தான் கலங்கியிருந்தது.

"மாமா, என்ரை வேலை போகப்போகுது. மனேஜர் என்னைத்தான் கேட்டவ, உங்களைக் கூட்டிவந்தது ஆரெண்டு."

சச்சிதானந்தனுக்கு ஏச்சுப் பழக்கம். இந்தக் கலங்கின கண் பழக்கமில்லை.

"இனிமேல் ஒருத்தரும் கேக்காமல் ஒரு சாமானும் தொடமாட்டன், பிள்ளை. விம்பிள்டன் பிள்ளையாராணை."

பின்னேரம் மெழுகுதிரிகள் ஏற்றினார்கள். பண்டிகை தொடங்கியது. துசியந்தி மேல்மாடியில் உள்ளவர்களை லிஃப்ரில் இறக்கிக்கொண்டுவரப் போனாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டிலுக்குள் வந்து இருந்தார்கள். முன்னாள் டாக்ஸி ஓட்டியும் இந்நாள் எல்லாம் தெரிந்தவருமான மொன்ரி பெர்க்மன் வைன் கிண்ணத்தை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்லத் தலையை நிமிர்த்தினார். நிமிர்த்திய தலை அப்படியே நின்றது. கிண்ணம் மெதுவாக மேசைக்கு இறங்கியது.

"இது என்ன?"

"தறப்பாள்," என்றார் சச்சிதானந்தன், அடக்கமான பெருமையோடு. "ஒரு சொட்டு மழை இறங்காது."

எல்லோருடைய தலையும் மேலே நிமிர்ந்தது. பிறகு மொன்ரி விளக்கினார். வானம் மறைந்தால் அது சுக்கா இல்லை, வெறும் ஷெட். அதற்குள் ஆசீர்வாதம் சொல்லமுடியாது. பண்டிகை தொடங்கிவிட்டதால் இனி ஒரு யூதர் கட்டவோ அவிழ்க்கவோ வெட்டவோ கூடாது. சரி, யூதரல்லாத ஒருவரைச் செய்யச் சொல்லலாமே? அதுவும் கூடாது. தங்களுக்காக அந்த வேலையைச் செய்யும்படி இன்னொருவரிடம் கேட்கக்கூடாது.

விளக்கி முடித்துவிட்டு மொன்ரி சச்சிதானந்தனைப் பார்த்தார். எல்லோரும் சச்சிதானந்தனைப் பார்த்தார்கள். வந்த நாள் முதல் கேட்காமலே செய்த மனிதர். கேட்கவே முடியாத ஒரு வேலை. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

சச்சிதானந்தன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார்.

"பெரிய பிழை செய்துவிட்டேன். மன்னியுங்கள்," என்றார். "ஆனால் இன்று ஒரு சத்தியம் செய்திருக்கிறேன். யாரும் கேட்காமல் நான் எதையும் தொடுவதில்லை."

கொட்டில் முழுவதும் ஒரு முனகல் பரவியது.

"இங்கே கொஞ்சம் இருட்டாக இருக்கிறது, இல்லையா?" என்றார் மொன்ரி, பொதுவாகக் காற்றைப் பார்த்து.

"வெளிச்சத்தைப் போடவா?"

"வேண்டாம்! நான் சொன்னது... மேலே இருட்டு."

"நட்சத்திரம் பார்த்து எவ்வளவு காலம்!" என்றார் காது கேளாத ஒரு கிழவர், தேவைக்கு மேல் சத்தமாக.

"ஏணி என்பது அருமையான கண்டுபிடிப்பு," என்றார் இன்னொருவர்.

சச்சிதானந்தன் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். வாழ்நாளில் முதல்தடவையாகத் தன்னை அடக்கிக்கொண்டு நிற்கிற மனிதரின் முகத்தில் தெரிகிற தெய்வீகக் களை அவர் முகத்தில் தெரிந்தது. மொன்ரிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. சூப் ஆறியது.

அப்போது ஃபிரீடா தன் நாற்காலியை அவருக்குக் கிட்ட உருட்டிக்கொண்டு வந்தார்.

"மிஸ்டர் சச்சி, நான் ஒன்றும் கேட்கவில்லை. போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் இந்த நாளில் நான் ஆஸ்பத்திரியில் மல்லாந்து படுத்திருந்தேன். பார்ப்பதற்கு ஒரு வெள்ளைக் கூரை மட்டும்தான் இருந்தது." அவர் மேலே பார்த்தார். "இந்த வருடம் நீலக் கூரை. முன்னேற்றம்தான்."

சச்சிதானந்தனும் மேலே பார்த்தார். தான் போட்ட முடிச்சுகளைப் பார்த்தார். வெயிலுக்கு ஆசைப்பட்டுத் தாமாக உருட்டி வந்தவரை நிழலுக்குள் தள்ளித் தள்ளி விட்ட கோடை முழுவதும் அவருக்கு ஞாபகம் வந்தது. இந்த மனுசிக்கு வேண்டியது என்னவென்று ஒருநாளாவது பார்த்தேனா? பிள்ளையார் விம்பிள்டனில் இருக்கிறார். இந்தப் பகுதி அவருடைய பொறுப்பில் வராமலும் இருக்கலாம்.

"நீங்கள் விடுங்கோ," என்றார், ஆங்கிலம் மறந்துபோய். "நான் பாக்கிறன்."

அது என்ன மொழி என்று ஒருவருக்கும் தெரியாது. அர்த்தம் எல்லோருக்கும் விளங்கியது. மொன்ரி கைதட்டப் போய், பண்டிகை நாளில் அதுவும் கூடாது என்று நினைத்து நிறுத்திக்கொண்டார்.

சச்சிதானந்தனுடைய முடிச்சுகளை அவிழ்க்கக்கூடியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். ஏணியில் ஏறி, பல்லையும் பாவித்து, மூலை மூலையாக அவிழ்த்தார். கடைசி முடிச்சு விட்டதும், மத்தியானத்திலிருந்து தேங்கிக் கிடந்த மழை முழுவதும் தறப்பாளோடு சரிந்து அவருடைய தலையிலேயே கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு, லிஃப்ரிலிருந்து வந்துகொண்டிருந்த துசியந்தி ஓடி வந்தாள்.

"மாமா! ஏணியிலை என்ன செய்யிறியள்? ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை!" என்றார் மாமா, நனைந்த தலையோடு, வெற்றிக் களிப்பில்.

என்ன கேள்வி என்று ஊகித்த மொன்ரி எழுந்து நின்றார். "நாங்கள் கேட்கவில்லை!" என்று கொட்டிலே ஒரே குரலில் முழங்கியது.

கொப்புகளுக்கு நடுவே ஒரு விமானம் ஹீத்ரோவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அது போனபின் மேகத்தின் இடைவெளியில் ஒரேயொரு வெள்ளி தெரிந்தது. ஃபிரீடா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மொன்ரி ஆசீர்வாதம் சொன்னார். எல்லோரும் ஆமென் சொல்லி வாய் மூடுமுன் மழை பிடித்தது. சூப்புக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒருவரும் எழும்பவில்லை. ஃபிரீடா வாயைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் பிடித்தார். சச்சிதானந்தன் குடை எடுக்கப் பாதி எழும்பினார். ஃபிரீடா திரும்பி அவரைப் பார்த்தார். அவர் இருந்துவிட்டார்.

துசியந்தியின் வேலை போகவில்லை. ஃபிரீடா மனேஜரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாராம். மனேஜர் வெளியே வரும்போது வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைபோல இருந்தாராம். மாமாவும் கிழமைக்கொரு தடவை போய் வருகிறார். இப்போது நாற்காலியைத் தள்ளுமுன் எந்தப் பக்கம் என்று விசாரிக்கிறார்.

ஆனால் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். குறிப்பறிந்து செய்வது என்ற ஒரு புது வித்தையோடு அவர் மோர்டனுக்குத் திரும்பியிருக்கிறார். "இண்டைக்கு வெக்கையாய்க் கிடக்கு" என்று சிவனேஸ்வரி வாய்தவறிச் சொன்னார். திரும்பிப் பார்ப்பதற்குள் யன்னல் சட்டகத்தோடு கழன்று நிலத்தில் கிடந்தது. இப்போது சிவனேஸ்வரி வீட்டில் வாயைத் திறப்பதற்கே பயப்படுகிறார்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. இப்படி ஒருவரை உங்களுக்கு நல்லாகத் தெரியும் அல்லவா? பெயர்கூட மனதில் வந்துவிட்டது. இதை அப்படியே அவருக்கு வட்சப்பில் அனுப்பிவிட்டால், வாசித்து அவர் கொஞ்சம் திருந்துவார், குடும்பத்துக்கும் பெரிய உதவியாக இருக்கும் என்று உங்கள் பெருவிரல் போனைத் தடவுகிறது.

அனுப்புங்கள், தாராளமாக. அனுப்பச் சொல்லி உங்களை ஆர் கேட்டது என்பதை மட்டும் ஒருக்கால் யோசித்துவிட்டு.