குக்கீகளைத் திருப்பி அனுப்பிய மாமாவும் நானும்

அரைகுறைப் படிப்பு ஆபத்து என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் நெய்யாற்றின்கரையில் மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். செங்கல் என்ற எங்கள் ஊரில், வீட்டுப் பக்கம் வேறு யாருக்கும் மவுஸ் பிடிக்கத் தெரியாது. ஆகவே நான்தான் நிபுணன். (எனக்கும் பிடிக்க மட்டும்தான் தெரியும் என்பது பிறகு வெளிப்பட்டது.)

என் தங்கை ஷீபா நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இன்டர்நெட்டில் விண்ணப்பிக்க வேண்டும். அன்றுதான் கடைசி நாள், மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். பிரவுசிங் சென்டருக்கு அவளைக் கூட்டிப் போனேன். துணைக்கு செல்வராஜ் மாமாவும் வந்தார். தமிழ்நாடு-கேரள எல்லைச் செக்போஸ்டில் ஆயுள் முழுக்க லாரிகளை நிறுத்தி ஓய்வு பெற்றவர்.

உட்கார்ந்ததுமே என் மேதாவித்தனம் ஆரம்பித்துவிட்டது. வெப்சைட்டுகள் நம் கம்ப்யூட்டரில் குக்கீ என்ற சின்னக் குறிப்பை எழுதிவைக்கும், அதை வைத்து நம்மை வேவு பார்க்கும் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தேன். பிரவுசருக்குள் தேடிப்பிடித்து, ஒவ்வொரு குக்கீக்கும் என்னிடம் அனுமதி கேட்கும்படி டிக் போட்டேன்.

"கேக்காம ஒருத்தனும் உள்ள வர முடியாது, மாமா."

மாமா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். அனுமதி கேட்கும் முதல் பெட்டி திரையில் குதித்தது.

"இது ஆராக்கும்?"

"குக்கீ, மாமா."

"கையில பாஸ் உண்டுமா?"

"இல்ல."

"அப்போ திருப்பி விடு, மக்கா."

கேன்சல் அழுத்தினேன். ஷீபாவின் பெயர், முகவரி, படிப்பு எல்லாம் அடித்து, அடுத்த பக்கத்துக்குப் போனால் இன்னொரு பெட்டி. கேன்சல். உடனே 'முதலில் லாகின் செய்யவும்' என்று வந்தது. மறுபடி முதல் பக்கம். மறுபடி பெயர், முகவரி, படிப்பு. அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்று மூன்றாம் முறை எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தேன். (சிரிக்காதீர்கள்.) அப்போதும் முதல் பக்கம்தான்!

நடுநடுவே விளம்பரங்களின் குக்கீகள் வேறு. எனக்கு ரத்தம் கொதித்தது. டெலிபோன் லைனைத் திட்டினேன், கீபோர்டைக் குத்தினேன். மாமாவோ ஓய்வு பெற்றபின் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

"எலே, வரிசையா வாறானுவ பாரு! ஒருத்தனையும் விடாத!"

மணி ஐந்தரை. ஷீபாவின் கண் நிறைந்துவிட்டது.

"அண்ணா, எனக்க ஜீவிதமாக்கும் இது. அந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவையாவது வாசிச்சியா?"

வாசிக்கவில்லை. அவள் வாசித்தாள். குக்கீயை எந்த வெப்சைட் தருகிறது, அது எதுவரை இருக்கும் என்று எல்லாம் அதிலேயே இருந்தது.

"இது ஓ.பி. சீட்டு மாதிரியாக்கும். வாங்கின உடனே கீறிப் போட்டா, டாக்டர் ரூம்ல உன்னை ஆருக்குத் தெரியும்? திரும்பவும் பேரு பதியத்தான் சொல்லுவாவ. அந்த ஆஸ்பத்திரிக்க குக்கீய மட்டும் வாங்கு. விளம்பரக்காரனுக்க குக்கீ வேண்டாம். போவும்போ எல்லாத்தையும் அழிச்சுப் போடு. தீந்துதுல்லா?"

மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். ஓகே அழுத்தியதும் பக்கங்கள் நல்ல பிள்ளையாக ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கம்ப்யூட்டரில் மிச்சமிருந்த குக்கீயை அழிக்கும் கௌரவத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. மாமா மட்டும், "ஆனாலும் ஒருத்தனை விட்டாச்சே" என்று வழியெல்லாம் வருந்தினார்.

வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு லீவில் வந்தாள். சர்ச்சில் போதகர், "இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டார். நான் டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சிலிருந்து ஷீபாவின் குரல் கேட்டது.

"அண்ணா, ஓகே அழுத்து! இல்லேன்னா முதல் பக்கத்திலேர்ந்து வரும்!"

சபை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் போதகர் நிஜமாகவே முதலிலிருந்து கேட்டார்.

இன்றும் என் மனைவி எதையாவது கேட்டு நான் யோசித்தால் போதும், "ஓகே அழுத்துப்பா!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். அழுத்திவிடுகிறேன்.