காதுகுத்தில் ஓடியவர்கள்

அன்புள்ள மச்சான் சதாசிவம் அவர்களுக்கு,

என் மகன் கோகிலனின் காதுகுத்தைக் கெடுத்தவர் நீங்கள்தான். நானும் உங்கள் தங்கை பிரமிளாவும் புந்தோங்கில் சௌக்கியம். நீங்களும் குமுதா அக்காவும் சௌக்கியமாக இருங்கள். சண்டை போட எதிராளி தெம்பாக இருக்க வேண்டும்.

பையனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததிலிருந்து சொந்தபந்தம் எங்களைச் சும்மா விடவில்லை. போனைக் கொடுத்துக் கெடுத்தோமாம், குலதெய்வத்தை மறந்தோமாம். பொறுத்துக்கொண்டோம். பையனுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர், "சில பிள்ளைங்களோட அப்பா அம்மாகிட்டயும் இதோட சாயல் லேசா இருக்கும், அது நோய் இல்ல" என்றார். பிரமிளா அதை அண்ணன் என்ற உரிமையில் உங்களிடம் சொன்னாள். நீங்களோ தோட்டத்து முனியாண்டி கோயிலில், பந்தி நடுவில், "அப்பனுக்கும் லேசா இருக்காம்லா" என்று சாம்பாரோடு சேர்த்துப் பரிமாறிவிட்டீர்கள்.

எனக்கு என்ன இருக்கிறது? பத்திரிகையில் ஒன்பது மணி என்று போட்டுவிட்டுப் பதினொன்றரைக்கு ஆரம்பித்த உங்களுக்கு ஒன்றும் இல்லை, ஒன்பதுக்கு முன்னாலேயே வந்து வெயிலில் நின்ற எனக்குத்தான் இருக்கிறது, அப்படித்தானே? குமுதா அக்கா "சேலை எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார், லாரி மூடுற கித்தான் கலர்ல இருக்கு என்றேன், கேட்டதற்குத்தானே சொன்னேன், அதற்கு ஏன் அவர் சாப்பிடாமல் போய்ப் படுக்க வேண்டும்? தாய்மாமன் மடியில் பையன் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தான், ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பார்த்து உருமிக் கோஷ்டிக்குக் கை காட்டியது யார்? பையன் ஓடினான், நானும் ஓடினேன், இரண்டு பேரும் என் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம், நீங்கள் வந்து கண்ணாடியைத் தட்டி, "மோட்டார் பட்டறை வச்சிருக்கிற ஆளுக்கு மேளம் ஆகாதா?" என்று சிரித்தீர்கள். மச்சான், இன்ஜினை நான் நினைத்தால் நிறுத்தலாம். உங்கள் உருமியை யார் நிறுத்துவது?

இப்போது அடுத்த மாதம் மறுபடி வைக்கிறீர்களாம், அதே கோஷ்டியாம், இன்னும் நாலு உருமி கூடவாம். உங்கள் மடியில் உட்கார வைக்காமல் பையனுக்குக் காது குத்தமாட்டேன் என்று பிரமிளா ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதனால்தான் இவ்வளவு மரியாதையாக எழுதுகிறேன். பிள்ளையின் காது முக்கியமா, ஊர் பார்க்கும் கூத்து முக்கியமா? உருமி வரக்கூடாது. வந்தால் நாங்கள் வரமாட்டோம்.

முனியாண்டி உங்களுக்கு நீண்ட ஆயுளும், நேரத்துக்கு ஆரம்பிக்கும் புத்தியும் கொடுக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம். சேலையின் கலர் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

இப்படிக்கு,
தனேஸ்வரன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பிரமிளா பிடுங்கிப் படித்துவிட்டாள். உண்மையை எழுதாவிட்டால் தபாலில் போட விடமாட்டாளாம். உங்கள் மடியிலிருந்து பையன் உருமிக்குப் பயந்து ஓடவில்லை. முதலில் ஓடியது நான். அப்பா ஓடுகிறாரே என்று அவன் பின்னால் வந்தான். அன்றிலிருந்து மைலோ டின்னில் அந்த உருமி அடியை ஒன்றுகூடப் பிசகாமல் அடித்துக்கொண்டிருக்கிறான். உருமி வராவிட்டால் அவன் வரமாட்டான். ஆகவே கோஷ்டி வரட்டும். ஆனால் அவர்கள் அடிக்கும்போது நான் எங்கே நிற்பது? அதை மட்டும் சொல்லுங்கள். கார் வேண்டாம், கார் வரைக்கும் கேட்கிறது.