‘அறுநூறு அடி’க்கு வந்த கருத்துகள்

தன்னைப் புகழ்ந்தவனைக் கையில் ஸ்பேனரோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்திய ஒரே கலைஞர் இந்தப் பூமியில் எங்கள் காயில்காரர்தான். திட்டியவனை அடிக்கப் போன கலைஞர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. புகழ்ந்தவனை? தேடிப் பாருங்கள். கிடைத்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

அரூரில் ஓர் ஆபீஸில் நான் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டி, ஒழிந்த நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதிய நாலு வருஷமும் அவர் பட்டறைக்கு மேலே இருந்த அறையில்தான் குடியிருந்தேன். கீழே, எரிந்துபோன போர்வெல் மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலை நடக்கும். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டாம். அவர் மனைவி ரோசி அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் காயில்காரர். ஐம்பது வயது, நெற்றி வரை ஏறிய மூக்குக் கண்ணாடி, வார்னிஷ் வாசம் அடிக்கிற சட்டை. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அதிசயம், மோட்டார்களுக்கு மேலே ஆணியில் தொங்கிய கிடார்.

வாலிபத்தில் பெங்களூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தபோது பக்கத்து அறைக்காரன் போட்ட கேசட்டிலிருந்து அவருக்கு ப்ளூஸ் என்ற வியாதி தொற்றியிருக்கிறது. “அப்படின்னா என்னாங்கண்ணா?” என்று ஒருநாள் கேட்டு வைத்தேன்.

“பருத்திக் காட்டுல பாடுபட்ட சனங்களோட பாட்டு சார். மனசுல இருக்கிற பாரத்தை எறக்கி வைக்கிறது. மெதுவா எறக்கி வச்சா ப்ளூஸு. தொப்புன்னு போட்டா ராக்கு. நமக்கு ரெண்டும் வரும்.”

எனக்குத் தெரிந்து அவர் பெரும்பாலும் தொப்பென்றுதான் போட்டார். கிடாரின் மரம் பழைய கட்டில் கால். ஒலியை உள்ளே வாங்குகிற காயிலை அவரே கட்டியிருந்தார். எரிந்த மிக்சியிலிருந்து உருவிய மயிரிழைக் கம்பி, ஏழாயிரம் சுற்று. கடையில் விற்பது எதுவும் இதன் கால் தூசு பெறாது என்பார். ஒரு சிறு குறை உண்டு. சுற்றுப்புறத்தில் எந்த மோட்டார் ஓடினாலும் அந்தக் கிடார் கூடவே முனகும். அதனால் அவருடைய ஆல்பத்தின் மூன்றாவது பாட்டில் எதிர்ச்சாரி மாவு மில்லும் சேர்ந்து வாசித்திருக்கிறது.

ஆமாம், ஆல்பம். இருபது வருஷம் வாசித்த பிறகு, பட்டறையில் உட்கார்ந்தே எட்டுப் பாட்டுப் பதிவு செய்து, ‘அறுநூறு அடி’ என்று பெயர் வைத்து இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டார். ஒரு மாதத்தில் அதைக் கேட்டவர்கள் மூன்று பேர். காயில்காரர், ரோசி அக்கா, மூன்றாவதாக ஏதோ வெளிநாட்டுக்காரர். அவரும் பன்னிரண்டு விநாடிதான் தாக்குப்பிடித்தார்.

“ஆளுங்க தேடி வர மாட்டாங்க சார். வர்ற ஆளுங்களைப் புடிச்சுக்கணும்” என்றார் காயில்காரர். பிடித்தார்.

அவர் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு மோட்டாரிலும் ஓர் அட்டை கட்டித் தொங்கும். பேர், ஊர், எத்தனை எச்.பி., என்ன கோளாறு. புதிதாக அச்சடித்த அட்டையின் பின்பக்கம் ‘பாடல்கள் பற்றிய தங்கள் கருத்து’ என்று மூன்று கோடு வந்தது. மோட்டாரை எடுக்க வருகிறவர் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து எட்டுப் பாட்டையும் கேட்க வேண்டும். கருத்து எழுதிய பிறகுதான் மோட்டார் வண்டி ஏறும். காட்டில் பயிர் வாடிக்கொண்டிருக்க, நாற்பது நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விவசாயிகளை நான் மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறேன். பல் பிடுங்கப் போன இடத்தில்கூட அப்படி முகங்களைப் பார்த்ததில்லை.

ஆனால் கருத்துகள் வந்து குவிந்தன. ‘அருமை.’ ‘சூப்பர்.’ ‘மிக அருமை.’ இரண்டு மாதத்தில் நாற்பத்து மூன்று அட்டை. காயில்காரர் தரையில் கால் பாவாமல் நடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோசி அக்கா மாதா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், அத்தனை அட்டைகளையும் மஞ்சள் பையில் போட்டு மேலே கொண்டுவந்தார்.

“சார், நீங்க பத்திரிகைல எழுதறவரு. இதையெல்லாம் படிச்சுப் பாத்து ஒரு கட்டுரை போட்டு வுடுங்க. சனங்க என்னா நெனைக்கிறாங்கன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.”

படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம். மூன்று எச்.பி. மோட்டார்காரர்கள் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். ஐந்து எச்.பி. எல்லாம் ‘அருமை’. தக்காளி பூ எடுக்கும் நேரத்தில் ஏழரை எச்.பி. எரிந்துபோன ஒருவர் ‘தங்கள் கை தெய்வக் கை’ என்று முடித்திருந்தார். இன்னொருவர், ‘பாட்டு அருமையிலும் அருமை. செவ்வாய்க்குள் போரில் இறக்கியாகணும்.’ மோட்டாரைக் கொண்டுவந்து போட்ட அன்றைக்கே, ஒரு பாட்டுக்கூடக் கேட்காமல் கருத்தை எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் ஆறு பேர். ஒரே ஒருவர் மட்டும் மனசைத் திறந்திருந்தார். ‘மூணாவது பாட்டில் மில்லு ஓடுற இடம் நல்லா இருக்குது.’

என் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது. “அண்ணா, இவுங்க பாட்டைக் கேட்டு எழுதலீங்க. மோட்டாரைப் பாத்து எழுதியிருக்காங்க” என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி எச்.பி.யைப் பார்த்தார், கருத்தைப் பார்த்தார். ஏழாவது அட்டையில் நிறுத்திக்கொண்டார். பையை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

மறுநாள் கிடார் ஆணியில் ஏறியது. பட்டறையில் வேலை செய்பவர்கள் முன்னால் அறிவிப்பும் வந்தது. “ஒரே ஒரு ஆளு, நல்லாருக்குதா இல்லியான்னு நெசமாச் சொல்லட்டும். நல்லா இல்லைன்னா இதை ஒடச்சு, காயிலை உருவி, மறுபடி மிக்சிக்கே கட்டிடறேன். நல்லாருந்தா இன்னும் எட்டுப் பாட்டு. அது வரைக்கும் இதைத் தொட மாட்டேன்.”

சட்டமும் மாறியது. முதலில் மோட்டார் போகும். பயிருக்குத் தண்ணீர் பாய்ந்த பிறகு, சாவகாசமாக வந்து கருத்துச் சொல்ல வேண்டும். யார் வருவார்கள்? ஒருத்தரும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு புண்ணியவான் மட்டும் வந்து, “பாட்டு சூப்பருங்க! அப்புறம், நம்ம மச்சான் மோட்ரு ஒண்ணு எரிஞ்சு கெடக்குது, கொஞ்சம் சீக்கிரமா...” என்று ஆரம்பித்தார். அவரைத்தான் ஸ்பேனரோடு துரத்தியது. ஆள் ஓடிப்போய்த் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அவர் போக வேண்டியது சேலம்.

நாலு வருஷமாக அந்தச் சத்தத்தைச் சபித்துக்கொண்டே மத்தியானத் தூக்கத்துக்குத் தலையணையைக் காதில் அழுத்தியவன் நான். இப்போது கீழே நிசப்தம். நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. போதாக்குறைக்கு ரோசி அக்கா குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா சார்? அவனுங்க பொய் சொல்றானுங்கன்னு எனக்குத் தெரியாதா? சந்தோசமா இருந்தாரு, வுட்டுட்டேன். இப்ப பாருங்க, சோறு வச்சா பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்காரு.”

“அப்ப நீங்களே ஒரு கருத்து சொல்லிடுங்களேன் அக்கா.”

“நான் சொன்னா செல்லாதாம். பொண்டாட்டியாம்.”

செய்த பாவத்துக்குப் பரிகாரம் நான்தான் தேட வேண்டியிருந்தது. காயில்காரரை யாரென்றே தெரியாத இடத்தில், அது அவர் பாட்டு என்று சொல்லாமல் போட்டுப் பார்ப்போம் என்று யோசனை சொன்னேன். ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு, அவர் வண்டியில் இரண்டு பேரும் காரிமங்கலம் வாரச் சந்தைக்குப் போனோம். ஆட்டுச் சந்தைக்கும் காய்கறிக்கும் நடுவே, ஒரு புளியமரத்தடியில் முதல் பாட்டைப் போட்டோம்.

ஐந்து நிமிஷத்தில் ஒருவர் வேகமாக வந்தார். காயில்காரர் நோட்டையும் பேனாவையும் எடுத்துத் தயாரானார். “எலி மருந்து வந்துருச்சுங்களா?” என்றார் வந்தவர்.

சந்தையில் ஸ்பீக்கர் வைத்தால் எலி மருந்து வண்டி என்றுதான் அர்த்தம். அதற்கப்புறம் பதினோரு பேர் எலி மருந்து கேட்டார்கள். ஒருவர் கரப்பான் பூச்சிக்கும் கேட்டார். கன்னடம் பேசுகிற மாட்டு வியாபாரி ஒருவர், மிரண்டு இழுக்கும் எருமையின் கயிற்றில் தொங்கிக்கொண்டு, “நில்ஸ்ரி சாமி, நில்ஸ்ரி!” என்று கத்தினார். நிறுத்தச் சொல்கிறார் என்று எருமைக்கே புரிந்தது. ஆனால் காயில்காரர், “மாட்டோட கருத்தா, உங்க கருத்தா?” என்று நோட்டோடு அவர் பின்னாலேயே போனார். கீரை விற்ற அம்மா மட்டும் ஒரு முழுப் பாட்டைக் கேட்டார். கேட்டுவிட்டு, வாசித்தவரைப் பற்றி மிகுந்த இரக்கத்தோடு சொன்னார்: “நல்லா இருந்த புள்ளைதான். யாரோ செய்வினை வச்சுட்டாங்க.”

திரும்பி வரும் வழியில் காயில்காரர் வண்டியை ஓரம் கட்டினார். “சார், அங்க பொகழ்ந்தவனும் கேக்கல. இங்க திட்டுனவனும் கேக்கல. ஒருத்தனாச்சும் ஒழுங்கா கேட்டுட்டுத் திட்டுனா எனக்குப் போதும் சார்.” அந்த நோட்டை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து மாணிக்கம் என்று ஒருவர் சரக்கு ஆட்டோவில் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி விவசாயம். காயில்காரர் மோட்டாரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, “காயில் நல்லாதானங்க இருக்குது? எதுக்குக் கொண்டாந்தீங்க?” என்றார்.

“மோட்ரு நல்லாருக்குதுங்க. போருதான் செத்துப்போச்சு. நீங்க எடுத்துக்கிட்டா எடுத்துக்குங்க. இல்லைன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் போறேன்.”

மாடிப்படியில் நின்ற எனக்குப் பொறி தட்டியது. இந்த மனிதருக்குக் காயில்காரரிடம் ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை. மோட்டாரும் வேண்டாம், செவ்வாய்க்கிழமையும் வேண்டாம். ஓடிப்போய் விஷயத்தைக் காயில்காரரின் காதில் போட்டேன். அவர் பெயின்ட் டப்பாவைத் துடைத்துப் போட்டு, “கொஞ்சம் உக்காருங்க. எட்டுப் பாட்டு. உள்ளதைச் சொல்லணும்” என்றார்.

“வூட்ல போய் என்னா பண்ணப் போறேன்” என்று மாணிக்கம் உட்கார்ந்தார்.

நாலு பாட்டு முடியும்வரை அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஐந்தாவது பாட்டில் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எட்டும் முடிந்ததும், “அந்த அஞ்சாவதை இன்னொருக்கா போடுங்க” என்றார். போட்டார்கள்.

“உள்ளதைச் சொல்லட்டுங்களா? மொத நாலும் ‘பாரு, எனக்கு எவ்ளோ தெரியும் பாரு’ன்னு வாசிச்சதுங்க. வேணாம், தூக்கிப் போடுங்க.”

“ஆறாவது?” என்றார் காயில்காரர்.

“காது வலிக்குதுங்க.”

“ஏழாவது? அதுக்கு மூணு மாசம் ஆச்சுங்க...”

“மூணு மாசம் தண்ணி பாச்சியிருந்தா கெழங்காச்சும் வந்திருக்கும். எட்டாவது நீங்க பாடறீங்களே, அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.” மாணிக்கம் மடியிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டார். “ஆனா அந்த அஞ்சாவது இருக்குதுங்களே, அது நெசம். போர் வண்டி அறுநூறு அடி எறங்கி, தண்ணி வருமா வருமான்னு நிக்கறப்ப, மேல வெறும் மண் புகையா அடிக்கும். யாரும் பேச மாட்டாங்க. ஆனா வண்டி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். அப்படித்தானுங்க இருந்துச்சு எனக்கு.”

எட்டுக்கு ஒன்று. கிடார் உடையப்போகிறதென்று நான் ஆணியைப் பார்த்தேன். காயில்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

“நீங்க எத்தனை போர் போட்டீங்க?”

“அது செத்தப்புறம் மூணுங்க. மூணும் புகைதான்.”

“கேட்டீங்களா சார்?” என்று என் பக்கம் திரும்பிக் கத்தினார் காயில்காரர். “எட்டு போட்டு ஒண்ணுல தண்ணி வந்திருக்குது! எட்டுல ஒண்ணு! அந்தப் பக்கம் எவனுக்கு வந்திருக்குது சொல்லுங்க!” முதலில் சிரித்தவர் மாணிக்கம்தான். ரோசி அக்கா என்ன கலவரமோ என்று வீட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். அதற்குள் கிடார் கைக்கு வந்துவிட்டது. ஐந்தாவது பாட்டை வாசித்தார். எதிரே மில் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் சேர்த்துத்தான். மாணிக்கம் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்து, சோறு தின்றுவிட்டுத்தான் போனார். அன்றைக்கே மற்ற ஏழு பாட்டையும் இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிட்டார் காயில்காரர். ஒரே பாட்டு உள்ள ஆல்பம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று பிற்பாடு அதற்கும் ஒரு பெருமை பேசினார்.

அந்த வருஷமே எனக்கு மாற்றல் வந்து தர்மபுரி டவுனுக்கு வந்துவிட்டேன். போன மாதம் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்தது. இங்கேயும் நல்ல காயில்காரர் ஒருவர் இருக்கிறார். சொன்ன நாளில் சொன்னபடி கட்டிவைத்திருந்தார். மோட்டாரை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் நகரவில்லை. “வேற என்னா சார் வேணும்?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். இந்த மனிதர் என் கருத்தைக் கேட்கவே மாட்டார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கையிலிருந்த பில்லைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று கோடு இருக்கிறதா என்று பார்த்தேன்.