ஏலக்காய் விடுதியும் கருப்பசாமி கிடாவும்

சரித்திரம் படித்தவனிடம் மைக்கைக் கொடுக்கக் கூடாது. ஊருக்குச் சொல்லவில்லை, என்னைப் பற்றித்தான் சொல்கிறேன். மைக் கைக்கு வந்ததும் என் குரல் தடித்துவிடும், வலது கை தானாக உயரும், எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பதே மறந்துபோகும். இந்த வியாதியால் என் கல்யாணத்தையே கெடுத்துக்கொள்ள இருந்தேன். (கெட்டிருந்தால் இதை எழுத நேரம் இருந்திருக்காது. அல்லிநகரத்தில் ஒரு மாடி அறையில் தனியாளாக உப்புமா கிளறிக்கொண்டிருப்பேன்.)

அப்போது நான் தேனிக்கும் போடிக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளர். சேர்ந்து வருடம்கூட ஆகவில்லை. கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் ஊரில் கவிதாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். கவிதாவின் அப்பா தங்கராசு வருசநாட்டுக்காரர். எங்கள் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்து, வங்கியில் வேலை கிடைத்ததும் பின்னால் இருந்த ஊரிலேயே பெண்ணெடுத்து, அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். பேச்சு கம்மி. நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

பெண் பார்க்கப் போன அன்றே அத்தை, அதாவது கவிதாவின் அம்மா, தன் பிறந்த வீட்டுக் கருப்பசாமியின் மகிமையை எனக்குச் சொன்னார்.

"எனக்கு நல்ல மாப்பிள்ள அமையணும்னு என்னயப் பெத்த அய்யா கருப்பசாமிக்குக் கிடா நேந்து விட்டாக தம்பி. நல்லாக் கருகருன்னு நிக்கும். சாமி கும்பிடு நெருங்குற நேரத்துல அதக் காணோம். ஊரே தேடுச்சு. அப்பத்தான் எங்க அண்ணன் மேல சாமி வந்துச்சு. 'தேடாதீகடா, நானே எடுத்துக்கிட்டேன்'னு சொல்லிருச்சு. அடுத்த தையிலயே இவுக வந்து என்னயப் பொண்ணு கேட்டாக!"

மாமா தங்கராசு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்ற கவிதாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் வாழைக்காய் பஜ்ஜி வேறு. என் மண்டைக்குள் கிடா நுழைய இடமே இல்லை.

அந்த அண்ணன்தான் வீரணன். கவிதாவின் தாய்மாமன், கருப்பசாமி கோயிலின் சாமியாடி. அவர் மேல் சாமி வந்து அன்று சொன்ன அந்த ஒரு வாக்கால்தான் ஊருக்குள் அவருக்கு அத்தனை மரியாதை. அவர் கையால் தட்டு மாற்றினால்தான் எங்கள் நிச்சயம் நிச்சயம்.

இப்படியிருக்கும்போது கல்லூரியில் விடுதி ஆண்டுவிழா வந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க ஹிஸ்டரிதானே? விடுதி வளாகத்தோட வரலாற மேடையில கொஞ்ச நேரம் பேசுங்க. பழைய மாணவர்கள் குடும்பத்தோட வர்றாங்க" என்றார். மாமாவும் பழைய மாணவர். அத்தை வருவார், வீரணன் வருவார், கவிதா வருவாள். மாப்பிள்ளை எப்படிப்பட்ட பேச்சாளர் என்று பெண் வீட்டார் அத்தனை பேரும் பார்க்கப் போகிறார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கதை சேகரித்தேன். நல்ல கதைகள்தான் கிடைத்தன. கல்லூரி தொடங்கியபோது விடுதி என்று கட்டடம் எதுவும் இல்லை. போடி வியாபாரி ஒருவர் தன் பழைய ஏலக்காய்க் கிட்டங்கியைக் கொடுத்திருக்கிறார். மாணவர்கள் மூட்டை அடுக்கிய தரையிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். லீவுக்கு ஊருக்குப் போனால், "படிக்கப் போனியா, பாயசம் காய்ச்சப் போனியா?" என்று வீட்டில் கேட்பார்களாம். சட்டை, புத்தகம், தலைமுடி எல்லாம் அந்த வாசனை. இன்றைக்கும் அதற்கு ஏலக்காய் விடுதி என்றுதான் பெயர்.

கூட்டம் பெருகியதும் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். ஆடி பிறந்தால் கணவாய்க் காற்று கூரைத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு போய்த் தென்னந்தோப்பில் போடும். வார்டன் தலைமையில் மாணவர்கள் ஊர்வலமாகப் போய்க் கூரையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மேகமலை எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து படிக்க வந்த பையன்கள் கீழே அடிக்கும் வெக்கை தாங்காமல் தண்ணீர்த் தொட்டி ஓரம் ஈரத் தரையில் உருண்டார்களாம். அதற்கப்புறம் வந்ததுதான் இப்போதுள்ள மாடிக் கட்டடம். அதைப் பற்றிச் சொல்ல, மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்பதைத் தவிர ஒன்றுமில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சுருளியப்பன் என்ற பழைய மாணவர் போனில் ஒரு புதையலைக் கொடுத்தார்.

"தகரக் கொட்டகைக்கு ஒரு கிடா வரும் சார். சாமிக்கு நேந்து விட்டது. கட்டவும் கூடாது, அடிக்கவும் கூடாது. கைலியத் திங்கும், சோப்பத் திங்கும், கடைசியில பரீச்சைக்குப் படிக்க வச்சிருந்த நோட்டயே தின்னுபுருச்சு. எம்புட்டு நாளைக்குத்தான் பொறுக்குறது? எங்கள்ல ஒருத்தன் எந்திரிச்சான். 'அது நம்ம படிப்பத் திங்குது, நாம அதத் திம்போம்'னுட்டான்."

"யார் சார் அது?"

"பேரு வேணாம். இப்பப் பெரிய மனுசனாகி, விபூதியும் கையுமா இருக்கான்."

இவ்வளவு சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. (இரண்டு சான்றுகளை ஒப்பிட்டு உண்மை காண்பது எப்படி என்று அந்த வாரம்தான் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருந்தேன்.)

விழா அன்று மாமா குடும்பம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஏலக்காய்க் கிட்டங்கிக்குச் சிரித்தார்கள். தகரக் கூரைக்குக் கை தட்டினார்கள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. கிடாவை அவிழ்த்துவிட்டேன்.

பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில், அந்தக் கிடாவுக்குக் குரங்குக் குல்லா மாட்டி, ஜமுக்காளத்தில் சுற்றி, கட்டிலோடு தூக்கிக்கொண்டு வார்டனைக் கடந்து போனார்கள். வார்டன் மலையாளி. என்ன என்று கேட்டதற்கு, "மேகமலைப் பையன் சார், குளிர்க்காய்ச்சல்" என்றார்கள். மேகமலைப் பையனுக்குத் தேனி வெயிலில் குளிர்க்காய்ச்சல்! அவரும் நம்பி, "பாவம், இவனுக்குக் கஞ்ஞி கொடுக்கணும் கேட்டோ" என்றார். ஜமுக்காளம் 'மே' என்றது. தூக்கியவர்கள் நால்வரும் ஒன்றாக இருமினார்கள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் கறி கொதித்த மணம் மலை வரை போனதைச் சொன்னேன். அதன் ருசியைச் சொன்னேன். (நான் பிறப்பதற்கு முன்பு வெந்த கறி.) கவிதா மூன்றாவது வரிசையிலிருந்து தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். என் முடி கலைந்திருக்கிறது போலும் என்று கோதிவிட்டுக்கொண்டேன். மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாவீரர் இந்த அரங்கத்தில் இருந்தால் எழுந்து நிற்கட்டும்!" என்று கையை உயர்த்தினேன்.

பழைய மாணவர்கள் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். சுருளியப்பன் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

"ஏலே தங்கராசு, எந்திரிலே! எம்புட்டு நாளைக்கு ஒளிவ?"

அவர்களே மாமாவைத் தூக்கி நிறுத்தினார்கள். நான் அதற்குள் சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த பொன்னாடையோடு மேடையை விட்டுக் குதித்திருந்தேன். பாதி வழியில்தான் பஜ்ஜியும் காலண்டரும் கருகரு கிடாவும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கால் நிற்கவில்லை. போய்ப் போர்த்திவிட்டேன்.

அத்தை எழுந்தார். "இது எங்க அய்யா விட்ட கிடாவா?" என்று மாமாவிடம் கேட்டார். மாமா பொன்னாடைக்குள் தலையைக் குனிந்துகொண்டார். வீரணன் தோள் துண்டை எடுத்து உதறினார்.

"அப்ப, அன்னிக்கு என் மேல வந்த சாமி பொய் சொல்லுச்சா?"

சுருளியப்பன் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"நிச்சயமும் வேணாம், ஒண்ணும் வேணாம். கெளம்புங்க" என்றார் வீரணன். போகும்போது கவிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பரிதாபம்தான் இருந்தது.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கவிதாவோடு நான் மொத்தமே நாலு வார்த்தைதான் பேசியிருப்பேன். ஆனாலும் அவள் எனக்கு இல்லை என்று விட மனமில்லை. வீரணன் நாற்காலியில் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். மாமா சுவரோரம் நின்றிருந்தார், தோளில் இன்னும் அந்தப் பொன்னாடை. எடுத்துப் போடக்கூடத் தோன்றவில்லை பாவம்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வாய்மொழிச் சான்று மட்டும் இருந்தால் அதை வரலாறு என்று ஏற்க முடியாது…" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசுன வரைக்கும் போதும் தம்பி" என்றார் அத்தை. பிறகு வீரணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, சாமி அன்னிக்கு என்ன சொல்லுச்சு?"

"எடுத்துக்கிட்டேன்னு சொல்லுச்சு."

"எப்படி எடுத்துக்கிட்டேன்னு சொல்லுச்சா?"

வீரணன் யோசித்தார். "இல்ல."

"அய்யா எதுக்குக் கிடா விட்டாக? எனக்கு மாப்பிள்ள வேணும்னுதான? சாமி அந்தக் கிடாவ, எனக்கு வரப்போற மாப்பிள்ள வயித்துக்குள்ள போயி எடுத்துருக்கு. தின்ன ஆளயே கூட்டியாந்து என் கழுத்துல தாலி கட்ட வச்சிருக்கு. இதுக்கு மேல ஒரு சாமி என்னண்ணே செய்யும்?"

வீரணனின் கை மீசைக்குப் போனது. அத்தை அதோடு விடவில்லை. மாமாவிடம் போய் நின்றார்.

"நெசமாச் சொல்லுங்க. திருடுனதோட சரியா, இல்ல அந்தக் கறி ஒங்க வயித்துக்குள்ள போச்சா? போகலன்னா அண்ணன் சொன்னது பொய்யாப் போகும்."

மாமா கவிதாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வயிறாரச் சாப்பிட்டேன்" என்றார்.

வீரணன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. "ஆத்தா சொல்றது நாயந்தான்" என்று தங்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார். "நிச்சயம் நடக்கட்டும். ஆனா சாமி பங்க முன்னாடியே தின்னவருக்கு இனிமே கோயில்ல கறி கெடையாது. உசுரு இருக்க வரைக்கும் கெடையாது."

நிச்சயம் நடந்தது, கல்யாணம் நடந்தது, பிள்ளைகளும் பிறந்து வளர்கிறார்கள். வருடா வருடம் கருப்பசாமி கும்பிட்டில் கிடா வெட்டிப் பந்தி போடுவார்கள். கறி வாளி மாமா இலைக்கு நேராக வந்ததும், அத்தை பந்திக்கு அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுப்பார்: "அவுகளுக்கு வைக்காதீக! அவுக அப்பவே சாப்பிட்டாக!" பந்தி முழுக்கச் சிரிக்கும். என் மகள்கூட இப்போது பாட்டியோடு சேர்ந்து கத்துகிறாள். வாளி மாமாவைத் தாண்டி என் இலைக்கு வரும். நான் தலை நிமிராமல் சாப்பிடுவேன்.

போன கும்பிட்டில் எனக்கு மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காத நேரமாக என் இலையிலிருந்து ஒரு துண்டை அவர் இலைக்குத் தள்ளினேன். அவர் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு, காதோரம் குனிந்தார். (அத்தை கட்டுரை படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

"மாப்ள, அன்னிக்கு அந்தக் கறி வேகவே இல்ல. ஒரு வாய் வச்சேன், அதையும் துப்பிட்டேன்."

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். "அப்ப ஏன் மாமா வயிறாரச் சாப்பிட்டேன்னு சொன்னீங்க?"

"இல்லன்னு சொல்லிருந்தா, ஒங்களுக்குப் பொண்ணு குடுத்துருப்பாகளா?" என்று கேட்டுவிட்டு, ரசவாளி எங்கே என்று திரும்பிப் பார்த்தார்.