சிவப்பு போகும், நீலம் வரும்

"கிளட்ச் கேபிள் சின்னக் கடையில மூணு இருக்குண்ணே" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லி மெக்கானிக்கை அனுப்பி வைத்தார் பெரிய கடையில் இருந்த சின்னவர்.

மெக்கானிக், கேபிள் அறுந்த பைக்கைத் தெருவின் அந்தக் கோடிவரை தள்ளிக்கொண்டு போனார். அப்படியே தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அந்த மூணும் இங்கதான் இருக்காம். அங்க உள்ள கம்ப்யூட்டர் சொல்லுது."

"அப்படியா?"

"தெரு முக்குல ஒருத்தன் புதுக் கடை திறந்திருக்கான் தம்பி. ஒரே கடைதான். அது ஒரு வசதி."

பைக் உதிரிபாகம் விற்கும் பெரிய கடை அப்பாவுடையது. சின்னக் கடை அம்மாவுடையது. முன்பு இரண்டும் ஒரே கடையாகத்தான் இருந்தது. ஒருநாள் வாடிக்கையாளர்கள் முன்னால் அப்பா, "உனக்குக் கணக்கு வராது" என்றார். அம்மா பாதி சரக்கை எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் தனிக்கடை போட்டார். மகனான சின்னவரின் வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். கடை ஓடாவிட்டால் வெளியூரிலிருக்கும் தன் அக்காவோடு போய்த் தங்கிவிடுவதாகச் சொல்லியும் வைத்திருந்தார். போனால் திரும்புகிற ஆளில்லை என்பது சின்னவருக்குத் தெரியும்.

இரண்டு கடைக்கும் இடையில் கம்ப்யூட்டர் இணைப்பு எதுவும் கிடையாது. "ஒயர் வழியாத்தான் வைரஸ் வரும்" என்பது அப்பாவின் கட்சி. அதனால் சரக்குக் கணக்கு, சின்னவரின் சட்டைப் பையில் பென் டிரைவாகப் போய் வந்தது. அங்கே உள்ளதை இங்கே போட்டால் இங்கே விற்றது அழிந்தது. இங்கே உள்ளதை அங்கே போட்டால் அங்கே விற்றது திரும்ப முளைத்தது.

சின்னவர் இரண்டு பென் டிரைவ் வாங்கினார். சிவப்பு போகும், நீலம் வரும். மூன்றாம் நாள் சிவப்பு வந்தது, நீலம் சட்டையோடு துவைக்கப்பட்டது.

அடுத்து, எந்தக் கணக்கு புதிதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருளைப் போட்டார். கடையை நேரத்தில் திறப்பதற்காக அப்பா எல்லாக் கடிகாரத்தையும் அரைமணி முன்னால் வைப்பவர். கம்ப்யூட்டரையும் விட்டு வைக்கவில்லை. எப்போது பார்த்தாலும் அப்பாவின் கணக்கே புதிது என்று வந்தது.

"இதுலயும் அவர் சொல்றதுதான் எடுபடணுமா?" என்றார் அம்மா.

கடைசியில் சின்னவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ரெண்டு பேரும் சாயங்காலம் ஒரே இடத்துல உக்காந்து, ஒவ்வொண்ணா ஒத்துப் பாருங்க. ஒருநாள் போதும்."

அம்மா பெரிய கடைக்கு வந்தார். கவுண்டரின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர்.

"பிரேக் ஷூ?"

"பதினொண்ணு."

"எண்ணிப் பார்த்தியா?"

"எனக்குத்தான் கணக்கு வராதே. நீங்களே வந்து எண்ணிக்குங்க."

அப்பா கடையைப் பூட்டிக்கொண்டு சின்னக் கடைக்குப் போய் எண்ணினார். பதினொன்றுதான் இருந்தது. திரும்பி வந்து, அம்மா சொன்ன பதினொன்றையே எழுதிக்கொண்டார். அதுவே பெரிய விஷயம்.

கணக்கு நூல் பிடித்தாற்போல் நின்றது. விடிந்ததும் நாலு சாமானில் கணக்கு இடித்தது. சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தார்கள். மறுநாளும் நாலு. அதற்கு அடுத்த நாளும் நாலு. மெக்கானிக் முக்குக் கடையில் நிற்பதைச் சின்னவர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

பொறுத்தது போதும் என்று இன்டர்நெட் லைன்காரரை வரவழைத்துவிட்டார்.

"வைரஸ் வந்தா நான் பொறுப்பில்ல" என்றார் அப்பா.

"எதுக்கு வீண் செலவு? நாங்க பார்த்துக்க மாட்டோமா?" என்று சின்னக் கடையிலிருந்து அம்மா போன் செய்தார். இருவரும் ஒரே கட்சியில் நின்று பல மாதம் ஆகியிருந்தது. சின்னவர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

லைன்காரர் சுவரில் துளை போட ஆரம்பிக்கும்போது, சின்னக் கடையில் மாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் சின்னவரின் மனைவி, சிவப்பு பென் டிரைவோடு உள்ளே வந்தாள். துளைக்கும் கருவியைப் பார்த்தாள். கணவனை ஓரமாக இழுத்தாள்.

"ஏங்க, அவரைத் திருப்பி அனுப்புங்க முதல்ல. தினமும் இடிக்கிற நாலுல ரெண்டை அத்தைதான் வேணும்னே மாத்துறாங்க, நான் பார்த்துட்டேன். மீதி ரெண்டு யாருன்னு உங்கப்பாவைக் கேளுங்க."