இரண்டு சாஃப்ட்வேரும் ஒரு வைஸும்

கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் எதற்காகவும் முறைத்துக்கொள்ளலாம். மாமியாருக்காக, சினிமாவுக்காக, ஏன், குழம்பில் உப்புக்காகக்கூட. சாஃப்ட்வேருக்காகப் பேசாமல் இருந்த ஜோடி சங்கரன்கோவிலில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

மாமனாருக்கு ராஜபாளையம் ரோட்டில் ஒர்க்‌ஷாப். விசைத்தறிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பார். நான் மருமகளாக வந்த நேரம், கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் புது சிஎன்சி மெஷினும் வந்து இறங்கியிருந்தது. (எது வந்த ராசி நல்ல ராசி என்று அத்தை இன்றுவரை வாய் திறக்கவில்லை.) அந்த மெஷின் தானாக ஒன்றும் வெட்டாது. கட்டர் எந்த வழியாகப் போகணும், எவ்வளவு ஆழம் இறங்கணும் என்று எழுதிக் கொடுக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். என் வீட்டுக்காரர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். விலை குறைவு, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். நான் இன்ஜினியரிங் படித்தவள், சும்மா இருப்பேனா? இன்னொன்றைப் பிடித்தேன். அதில், வெட்டுவதற்கு முன்னாலேயே வெட்டுகிற மாதிரி கலர் கலராகப் படம் ஓடும். பார்க்க அல்வா வெட்டுகிற மாதிரி இருக்கும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. “ஒங்க சாஃப்ட்வேரு மாட்டு வண்டி” என்றேன். “ஒன்னுது தேரு. இழுக்க ஊரே வரணும்” என்றார் அவர்.

மாமா பஞ்சாயத்துக்கு வந்தார். “ரெண்டையும் காசில்லாம ஓட்டிப் பாக்கலாம்லா? தறிக்கார அண்ணாச்சி கேட்ட பிராக்கெட்ட ஆளுக்கு ஒண்ணு வெட்டுங்க. யாருது ஒழுங்கா வருதோ, அவுகதான் இனிமே கம்ப்யூட்டர் முன்னால ஒக்காரணும்.” கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். “நீ தோத்தா அந்தப் பாலிடெக்னிக் வேலைக்குப் போயிரணும், மக்கா.”

பாடம் நடத்துகிற அந்த வேலையை மாமாவே பேசி வைத்திருந்தார். எனக்கோ மெஷின் பக்கத்தில் நிற்கத்தான் ஆசை. சாக்பீஸைப் பார்த்தாலே தும்மல் வரும்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். அத்தை காபியோடு வந்தார்.

முதலில் என் வீட்டுக்காரர். மெஷின் ஓடிய வேகத்தில் நின்றுவிட்டது. கதவைத் திறந்தால், அலுமினியக் கட்டையின் நடுவில் ஒரு பொட்டு. அவ்வளவுதான். சாஃப்ட்வேர் அங்குலத்தில் கணக்குப் போட்டிருக்கிறது, மெஷின் அதை மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டிருக்கிறது.

“எறும்பு தறி ஓட்டுனா இது சரியா இருக்கும்வே” என்றார் அண்ணாச்சி. நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு ஆண்டவன் அங்கேயே கூலி கொடுத்தான்.

அடுத்து நான். கம்ப்யூட்டரில் முதலில் எல்லோருக்கும் படம் போட்டுக் காட்டினேன். அத்தையே வாயைப் பிளந்தார். என் வீட்டுக்காரர் மட்டும், “ஏட்டி, கட்டையப் பிடிச்சிருக்க வைஸ் படத்துல எங்க?” என்றார்.

“அதெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கிடும். நீங்க மொதல்ல மில்லிமீட்டர் படிச்சிட்டு வாங்க.”

சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்தான், வைஸ் இருக்கிறது என்று அதற்குச் சொல்லியிருந்தால். அதை யார் வரைவது என்று சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். போதாக்குறைக்கு, நேரம் மிச்சம் பிடிக்க, கட்டர் நகரும்போது உயரமாகத் தூக்காதே என்று வேறு சொல்லி வைத்திருந்தேன். என் சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை கட்டை அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது.

பட்டனை அழுத்தினேன். கொஞ்ச நேரம் அல்வாதான். பிறகு கட்டர் சரேலென்று பக்கவாட்டில் பாய்ந்து வைஸில் மோதியது. அந்தச் சத்தத்தில் அத்தை கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. அண்ணாச்சி ஒற்றைச் செருப்போடு ரோட்டில் நின்றார். கட்டர் சுக்குநூறு. வைஸின் தாடையில் அரைவட்டமாக ஒரு பள்ளம், அதைச் சுற்றிக் கீறல்கள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லோர் முன்னாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். மாமா குனிந்து பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இவள அங்கன அனுப்புனா பிள்ளைகளுக்கும் இதத்தான சொல்லிக் குடுப்பா. ஊருல ஒரு வைஸ் மிஞ்சாது. வேண்டாம், இங்கனயே கெடக்கட்டும். நமக்கு ஒண்ணோட போவுது.”

இப்படித்தான் தோற்று எனக்கு வேலை நிலைத்தது. அடுத்த வாரம் வைஸையும் வரைந்து, பிராக்கெட்டை ஒழுங்காக வெட்டிக் கொடுத்தேன். (அண்ணாச்சி வாசல் தாண்டி உள்ளே வரவில்லை.) வாங்கியது என்னவோ என் வீட்டுக்காரருடைய சாஃப்ட்வேரைத்தான். விலை குறைவு, மிச்சம் புது வைஸுக்கு வேண்டியிருந்தது.

பழைய வைஸ் இன்னும் ஒர்க்‌ஷாப் வாசலில் இருக்கிறது, பக்கத்தில் அவருடைய பொட்டுக் கட்டையும். ஆயுத பூஜைக்கு அத்தை அந்தப் பள்ளத்தில்தான் பார்த்துப் பார்த்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். வந்தவர்கள் என்ன என்று கேட்காமல் போகமாட்டார்கள். மாமாவும் விடமாட்டார்.

“எம் மவன் பொட்டு வச்சான். மருமவ வந்து மொதக் கோலம் போட்டா.”