இருநூறு கேபிக்குள் மரியகொரெட்டி

பழைய ஆபீஸ் குவார்ட்டர்ஸ்,
தம்பின்.
அக்டோபர் 21

பெருமதிப்பிற்குரிய மச்சான் இராஜமாணிக்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் அந்தோணிதாஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இறைவன் தயவில் இங்கே என் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கூரையும் இந்த மாதம் ஒழுகவில்லை. அங்கே லிங்கியில் உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் இருமலும் மட்டுப்பட்டிருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்து, "மாப்ள, கொரெட்டியோட அந்த நல்ல படத்த அனுப்புங்க, வருஷப் பூசைக்குப் பெருசா பிரேம் போடுறேன்" என்று கேட்டீர்கள். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் சரியாகத்தான் இருந்தது. அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்ப முடியாது மச்சான். அது இப்போது இல்லை. இதற்கெல்லாம் காரணம் உங்கள் மகன் ரியான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எழுத எழுத யார் காரணம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் மகள் கிளாரிஸ் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று கோயில் வாசலில் எடுத்தது, வெள்ளைச் சேலை, தலையில் மல்லிகைப்பூ, வாய் நேராக இருக்கும். அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தானே முகவாதம் வந்து வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. அதன் பிறகு பதினாறு வருஷம் உங்கள் தங்கை யார் கைப்பேசியைத் தூக்கினாலும் கையால் வாயை மூடிக்கொண்டாள். கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. அடையாள அட்டையை இறப்புப் பதிவு செய்யும்போது வாங்கிக்கொண்டார்கள், கொடுக்க மாட்டேன் என்று அந்த அதிகாரியோடு நான் சண்டை போட்டது உங்களுக்கே தெரியும். ஆகவே உலகத்தில் கொரெட்டியின் நேரான முகம் இருந்தது அந்த ஒரு படத்தில்தான்.

கல்லறைத் திருநாளுக்கு நம் கோயில் இணையதளத்தில் இறந்தவர்களுக்கு நினைவுப் பக்கம் போடுகிறார்கள் அல்லவா, அதில் இப்போதெல்லாம் சும்மா படம் போட்டால் யாரும் நின்று பார்ப்பதில்லையாம், அசைகிற படமாக இருக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டு மாயாண்டி தன் அம்மாவுக்குப் போட்டதில் மேகம் நகர்ந்தது, மணி ஆடியது. என் பெண்டாட்டிக்கு மட்டும் என்ன குறை என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரியானைக் கூப்பிட்டேன். பையன் செண்டாயானில் விளம்பரக் கம்பெனி வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நல்லபடியாகத்தான் வந்தான். படத்தைக் கண்ணாடியோடு கடையில் கொடுத்து ஸ்கேன் பண்ணி பென்டிரைவில் கொண்டுவந்து, என் லேப்டாப்பில் அனிமேஷன் செய்கிற மென்பொருளைப் போட்டு, கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மெழுகுவர்த்தி, ரோஜா இதழ், ஆறு புறா எல்லாம் அவனே வைத்துவிட்டுப் போய்விட்டான். புறா எதற்கடா என்றேன். "புறா இல்லாட்டி எம்ப்டியா இருக்கும்லா மாமா" என்றான்.

செய்து முடித்துப் பார்த்தால் பதினான்கு எம்பி. கோயில் கொடுத்த விதித் தாள் என் பைலில் பத்திரமாக இருந்தது. அதில் 'இருநூறு கேபிக்கு மேற்படாமல்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. விதி என்றால் விதி. முப்பத்தோரு வருஷம் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவன், மானேஜரே வந்து கேட்டாலும் கணக்கில் ஒரு எழுத்தைக் கூட்டிக் குறைக்காதவன், கோயில் விதியை மீறுவேனா? குறைக்க ஆரம்பித்தேன். ஆறு புறாவை மூன்றாக்கினேன். விநாடிக்கு இருபத்து நான்கு படம் ஓடுகிறது என்று ரியான் சொன்னான், அதை ஆறாக்கினேன், புறாக்கள் பறப்பதை விட்டுவிட்டுக் கோழி மாதிரி எம்பி எம்பிக் குதித்தன. திரும்பத் திரும்ப ஓட வேண்டுமா என்று ஒரு கட்டத்தில் கேட்டது, எதற்கு வீண் செலவு என்று ஒரு தடவை போதும் என்றேன், எட்டாவது விநாடியில் மெழுகுவர்த்தி அணைந்து திரை அப்படியே கறுப்பாக நின்றுவிட்டது. அதைப் பார்த்து நானே உட்கார்ந்து அழுதேன். நிறங்களைக் குறைத்தால் பாரம் குறையும் என்றது, பதினாறு நிறம் போதும் என்றேன், உங்கள் தங்கை பச்சையாகிவிட்டாள். பின்னணி வெள்ளையை எடுத்துவிடலாம் என்று ஒரு வசதி இருந்தது, அதை அழுத்தியதும் பின்னணி வெள்ளையோடு சேலை வெள்ளையும் போய்விட்டது. மேகத்தின் நடுவில் தலை மட்டும் மிதந்தது. அந்த நேரம் பார்த்து கிளாரிஸ் வேலை முடிந்து வந்தவள், "அப்பா, என்னப்பா அம்மாவ இப்படிப் பண்றீங்க!" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதையெல்லாம் ஒருவாறு சரிபண்ணினேன். அப்போதும் ஒரு எம்பி. இனி படத்தில்தான் கை வைக்க வேண்டும் என்று புரிந்தது. படத்தின் தரம் என்று ஒரு கம்பி, நூறிலிருந்து பூஜ்யம் வரை இழுக்கலாம். எண்பதுக்கு இழுத்தேன், முகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அறுபது, அப்போதும் கொரெட்டி கொரெட்டியாகத்தான் இருந்தாள். அகலத்தையும் பாதியாக்கினேன், அதிலும் பாதியாக்கினேன். ஒவ்வொரு தடவையும் 'பழையதை மாற்றி இதைச் சேமிக்கவா' என்று கேட்டது, நானும் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்பீர்கள். மச்சான், ஆபீசில் என் முதல் சட்டமே ஒரு விஷயத்துக்கு ஒரு பைல் என்பதுதான். இரண்டு நகல் இருந்தால் எது அசல் எது போலி என்று ஒரு நாள் தகராறு வரும். நான் கையெழுத்துப் போட்ட செக்ரோலில், அதாவது தொழிலாளர் பேர்ப் பதிவேட்டில், யாருடைய பேரும் இரண்டு தடவை வந்ததில்லை. அதே ஒழுங்கை லேப்டாப்பிலும் வைத்தேன். உபரி நகல்களை அழித்தேன், சாயங்காலம் ஆனதும் குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினேன். கிளாரிஸ் ஒரு நாள், "அப்பா, அந்தப் படத்த எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்கப்பா" என்று கேட்டாள். வீட்டில்தான் இருக்கிறதே, வேண்டும்போது வந்து பார் என்று சொல்லிவிட்டேன். என் மகள் அவள் அம்மா முகத்தைக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.

இன்னும் இருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த அசல் படத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியத்தில் பிரேமைக் கழற்றினேன். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக உரித்தேன், வரவில்லை. ஈரத்துணி வைத்துத் துடைத்தேன். சேலையும் மல்லிகைப்பூவும் கோயில் வாசலும் தாளில் இருக்கின்றன. முகம் துணியோடு வந்துவிட்டது. அந்தத் துணியை நான் இன்னும் துவைக்கவில்லை.

அப்போதுகூட நான் பெரிதாகப் பயப்படவில்லை. அனிமேஷனை நூற்றுத் தொண்ணூற்றாறு கேபியில் முடித்து, கணக்கு நேராகிவிட்ட கிராணி மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன். உங்களுக்கு அனுப்பலாம் என்று, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கம்பியைத் திரும்ப நூறுக்கு இழுத்தேன். கேபி ஏறியது. அகலத்தையும் பழையபடி பெரிதாக்கினேன், இன்னும் ஏறியது. முகம் மட்டும் வரவில்லை மச்சான். கட்டம் கட்டமாக, மொசைக் தரை மாதிரி, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புக் கட்டம், வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரைக் கட்டம். கீழே இழுத்தது மேலே இழுத்தால் திரும்பி வரும் என்றுதானே எந்த மனுஷனும் நினைப்பான்? ரியானுக்குப் போன் போட்டேன். "பென்டிரைவ்ல பாட்டு ஏத்த எல்லாத்தையும் அழிச்சிட்டேனே மாமா, உங்ககிட்டதான் ஒரிஜினல் இருக்கேன்னு நினைச்சேன்" என்றான். பையன் அழுதான். அவனைத் திட்டாதீர்கள். கடைக்கும் போய்க் கேட்டேன், அன்றன்றைக்கு வந்ததை அன்றன்றைக்கே அழித்துவிடுவார்களாம். என்னைப் போல ஒழுங்கான ஆள் இந்த தம்பினில் இன்னும் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

இனி உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில் உங்கள் வீட்டில் எடுத்த ஒரு படம் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. பாயசக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள், சிரிப்பில் கை கொஞ்சம் நழுவி வாய்க் கோணல் தெரியும். இந்த மாத ஆரம்பத்தில் நீங்கள் அதை அனுப்பட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், முதல் வேலையாக அதை அழியுங்கள் என்று கோபமாகச் சொன்னேன். "சரி, பார்ப்போம் மாப்ள" என்றீர்கள். இன்னும் அழிக்கவில்லை என்றால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். நேரான முகம் போய்விட்டது, கோணல் முகம் மட்டும் மிஞ்சி ஊரார் பார்க்க வேண்டாம். அதுதான் அவள் ஆசை. பூசைக்கு வெறும் மெழுகுவர்த்தி வைத்துக்கொள்வோம்.

அக்காவுக்கு என் தோத்திரம். ரியானுக்கு என் ஆசீர்வாதம், அவன் இடும்பு அடங்காவிட்டாலும் சரி. தாயார் மரியாள் உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்பாளாக.

இப்படிக்கு,
தலை குனிந்த மைத்துனன்
அந்தோணிதாஸ்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். கோயில் ஆபீஸ் புனிதா மோட்டார் சைக்கிளில் வந்திருந்தாள், அனிமேஷனை வாங்கிப் போக. ஓடவிட்டுப் பார்த்தாள். புறா குதித்தது, இதழ் விழுந்தது. "அங்கிள், இதுல ஆன்ட்டி எங்க?" என்று கேட்டாள். மூன்று புறாவும் ஒரு மெழுகுவர்த்தியுமே நூற்றுத் தொண்ணூறு கேபியைச் சாப்பிட்டிருக்கின்றன, மீதி ஆறுதான் கொரெட்டி. "ஏன் அங்கிள் இவ்ளோ சின்னதாக்கினீங்க? இருபது எம்பி வரைக்கும் போடலாம்லா. அந்த இருநூறு கேபி போன வருஷத்து ரூல். புதுப் பேப்பர உங்க கையிலதானே குடுத்தேன்?" என்றாள். கொடுத்தாள் மச்சான். விதித் தாள்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, எதற்கு இரண்டு என்று நான் படிக்காமலே கிழித்துப் போட்டேன். போன வருஷத் தாளை வாங்கி பைலில் வைத்தபோது கொரெட்டி பக்கத்தில்தான் நின்றாள். "நம்ம வீட்ல இப்ப இது யாருக்குங்க?" என்று கேட்டாள்.

ஆகவே மேலே எழுதிய வேண்டுகோளைப் படித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்திருந்தால் உடனே கீழே வையுங்கள். அழிக்காதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன், அழிக்காதீர்கள். பதினாறு வருஷம் என்னைத் திட்டியதும் சாப்பிடக் கூப்பிட்டதும் அந்தக் கோணல் வாய்தான், எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கிறது, நேரான வாய் எப்படிப் பேசும் என்பதே மறந்துவிட்டது. சின்னதாக்க வேண்டாம், எத்தனை எம்பி இருந்தாலும் அப்படியே எனக்கு அனுப்புங்கள். கிளாரிஸுக்கும் ஒன்று அனுப்புங்கள். ரியான் ஒன்று வைத்துக்கொள்ளட்டும், அக்கா கைப்பேசியில் ஒன்று இருக்கட்டும், புனிதாவுக்கும் ஒன்று. நாளைக் காலையில் நானே போன் பண்ணுகிறேன். ஏற்கெனவே அழித்திருந்தால் அதை என்னிடம் சொல்ல வேண்டாம் மச்சான். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுங்கள்.